பாதி அப்பம்

பொக்னாவுக்கு நாங்கள் எல்லோரும் கைகள். முகம் கிடையாது. குரலும் அநேகமாகக் கிடையாது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கத்தினால் காதில் ஏதோ விழும். கால்கள் சொன்னபடி கேட்காது, சக்கர நாற்காலிதான். பேச்சு இல்லை. வயது ஒன்பது.

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். பிள்ளைகளைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. அதைக் கழற்றக் கூடாது, மாற்றக் கூடாது. என்னோடு வேலை பார்க்கும் செலினாக்காவுக்கு மணிக்கட்டில் முடிச்சு முடிச்சாக ஒரு கம்பளிக் கயிறு. கோடையில் அரிக்கிறது என்று எல்லோரையும் திட்டுவாள், கழற்ற மாட்டாள். எனக்கு வலது கை மோதிரம்.

காலையில் பொக்னாவின் முன்னால் முட்டி போட்டு உட்காருவேன். என் கையை அவள் கைக்குக் கீழே கொண்டுபோவேன். மேலிருந்து பிடிக்க மாட்டோம். பார்வை இல்லாத பிள்ளையின் கையை மேலிருந்து பிடிப்பது, பேசிக்கொண்டிருப்பவன் வாயைப் பொத்துவது மாதிரி. கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் விரல் மெதுவாக வரும். மோதிரத்தைத் தேடும். ஒரு சுற்றுச் சுற்றிவிடும். என் பெயரைச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். மூக்கிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். அதற்குப் பிறகுதான் எங்கள் நாள் தொடங்கும்.

அது என் கல்யாண மோதிரம். என் மனைவி மால்வினா போன வருஷப் பனிக்காலத்தில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக் கசிவு. ரொட்டி வாங்கக் கடைக்குப் போனவள். எங்கள் பக்கத்தில் கல்யாண மோதிரம் வலது கையில் இருக்கும். துணை போய்விட்டால், துக்க வருஷம் முடிந்ததும் இடது கைக்கு மாற்றிக்கொள்வார்கள். வருஷம் முடிந்தது. நான் மாற்றவில்லை.

மாமியார் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல அதுதான் என் பேரு அத்தை. மாத்தினா அந்தப் புள்ளைக்கு என்னைத் தெரியாது."

"புள்ளைக்காகத்தான?"

"புள்ளைக்காகத்தான்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பவும் இல்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் எல்லோரும் என்னிடம் ஏதோ சொன்னார்கள். பொக்னா ஒன்றும் சொல்லவில்லை. மோதிரத்தைச் சுற்றினாள். பிறகு, சாப்பாட்டுக்கு அடையாளமாகத் தட்டில் கிடக்கும் மரக்கரண்டியைத் தொட்டுக் காட்டினாள். பசி. அவளுக்குப் பீட்ரூட் மசித்துக் கொடுத்தேன். அந்த வகுப்பறையில் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வெளியே எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவது நின்றுபோனது. கடவுள்மேல் கோபம் ஒன்றுமில்லை. போகவில்லை, அவ்வளவுதான். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மையை, கடைசியாக வாங்கியது அவளுடைய அடக்கப் பூசையில்.

*

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு மாலை, பொக்னாவைக் கூட்டிப் போக வந்த அவள் அம்மா தெக்லா கிளம்பாமல் நின்றாள். ஏரிக்கரையில் மீனைப் புகையில் வாட்டும் கொட்டகையில் அவளுக்கு வேலை. அவளுக்குத் தனி அடையாளம் வேண்டாம். கதவு திறந்ததும் கட்டைப் புகை வாசம் வரும்; பொக்னா நாற்காலியில் துள்ளுவாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"அவனா? அவன் சிரிச்சா நான் இனிப்பு வாங்கித் தரேன். நீ கேளும்மா" என்றாள் செலினாக்கா.

"பொக்னாவுக்குப் புதுநன்மை."

மே மாதம் எங்கள் ஊரில் புதுநன்மை என்றால் குட்டிக் கல்யாணம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, தலையில் பூவளையம் வைத்து, வரிசையாகப் பீடத்துக்குப் போய் முதல் தடவையாக நன்மை வாங்குவார்கள். சொந்தபந்தம் எல்லாம் வரும். சைக்கிள் பரிசு, விருந்து, போட்டோ.

"பங்குச் சாமியார் என்ன சொல்றார்?" என்றேன்.

"தரமாட்டேங்கல. சனிக்கிழமை காலைல, பின்னாடி சின்னச் சிற்றாலயத்துல வச்சு, தனியா குடுத்துடலாங்கிறார். எல்லார் முன்னாடியும் துப்பிட்டான்னா நன்மைக்கு அவமரியாதையாம்."

"அதுவும் நல்லதுதானே? கூட்டம் இருக்காது."

"சார்." அவள் பொக்னாவின் சட்டைப் பித்தானைப் போட்டபடியே பேசினாள். "பொறந்ததுலேருந்து இவளுக்கு எல்லாமே தனி. தனி வண்டி, தனி வாசல், தனி ரூம். பொறந்தநாளுக்குக்கூட ஒரு புள்ளை வந்ததில்லை. இது ஒண்ணு மட்டும் வரிசைல நடக்கட்டும். நீங்க விழுங்க மட்டும் சொல்லிக் குடுங்க. மிச்சத்தை நான் சாமியார்கிட்ட சண்டை போட்டு வாங்கிக்கிறேன்."

சண்டை போட்டாள். பங்குச் சாமியார் இறங்கி வந்து ஒரு நிபந்தனை வைத்தார். பூசைக்கு இரண்டு வாரம் முன்னால் கோயிலில் ஒத்திகை. அதில் அவள் அப்பத்தை விழுங்கினால் வரிசை. துப்பினால் சிற்றாலயம்.

*

மந்திரிக்காத அப்பங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தவன் டோபியாஷ். எங்கள் பங்கின் இளைய சாமியார். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். எங்கள் அணியின் கோல்கீப்பர், மோசமான கோல்கீப்பர். இப்போது மார்பு வரை தாடி.

"கன்னியாஸ்திரீங்ககிட்ட கெஞ்சி வாங்கினேன்டா. எதுக்கு இவ்வளவுன்னு கேட்டாங்க. ஒரு பொண்ணுக்குப் பசின்னு சொன்னேன்."

"பொய் சொல்லலாமா ஃபாதர்?" என்றாள் செலினாக்கா. ஓர் அப்பத்தில் பிளம் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது ஒத்திகைக்கு!"

"நானும் ஒத்திகைதான் பாக்குறேன்."

அந்த அப்பம் காகிதம் மாதிரி மெல்லியது. ருசி கிடையாது. நாக்கில் வைத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொக்னா அதுவரை மசித்த உணவு தவிர எதையும் விழுங்கியதில்லை. முதல் வாரம் முழுவதும் என் சட்டைக் கையில் துப்பினாள். ஜாம் தடவினேன், ஜாமை நக்கிவிட்டு அப்பத்தைத் துப்பினாள்.

பிறகு ஒன்று தோன்றியது. கண் தெரிகிற பிள்ளை, மற்றவர் சாப்பிடுவதை ஆயிரம் தடவை பார்த்துத்தான் சாப்பிடக் கற்கிறது. யாரும் சாப்பிட்டு இவள் பார்த்ததே இல்லை. அவளைப் பொறுத்தவரை உலகத்தில் சாப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

அப்பத்தை இரண்டாக உடைத்தேன். ‘டக்’ என்ற அந்தச் சின்ன முறிவு அவள் விரலுக்குத் தெரியும்படி உடைத்தேன். அவள் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு பாதியை வாயில் போட்டேன். ஊறவிட்டேன். விழுங்கினேன். தொண்டைக்குள் மேடு ஏறி இறங்கியதும் அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். உடனே திரும்ப வைத்தாள். இன்னொரு தடவை வேண்டும் என்று தட்டினாள். அன்று நான் எத்தனை அப்பம் தின்றேனோ தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சில நாள் கழித்து வாயைத் திறந்தாள். மோதிரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தாள். பாதி அவள் நாக்கில், பாதி என் நாக்கில். அவள் கை என் தொண்டையில். நான் விழுங்கினேன். அவள் விழுங்கினாள்.

அதற்குப் பிறகு அதுதான் சட்டம். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. நான் விழுங்காமல் அவள் விழுங்க மாட்டாள். நான் தாமதித்தால் ஒரு விரலால் என் தொண்டையைத் தட்டுவாள், கதவைத் தட்டுகிற மாதிரி.

தெக்லாவிடம் காட்டினோம். அவள் பொக்னாவின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் எங்கள் எல்லோருக்கும் புகைமீன் வந்தது.

*

ஆனால் பூசையில் நன்மை கொடுக்கப்போவது நானில்லை. பங்குச் சாமியாருக்கு முட்டிவலி, குனிய முடியாது. பொக்னாவுக்கு டோபியாஷ்தான் கொடுக்க வேண்டும். அவன் வந்து உட்கார்ந்து அப்பத்தை நீட்டினான். பொக்னா அவன் விரல்களைத் தடவினாள். மோதிரம் இல்லை. கடைக்காரன் ஷட்டரை இறக்குவது மாதிரி வாயை மூடினாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"என்னைப் புடிக்கலைன்னா பரவாயில்லை. ஆண்டவரையே வேண்டாங்கிறாளே" என்றான் டோபியாஷ்.

"உன்னை யாருன்னு அவளுக்குத் தெரியாதுடா."

"அப்ப உன் மோதிரத்தைக் குடு. ஒத்திகைக்கும் பூசைக்கும் மட்டும்."

செலினாக்கா சிரித்து இருமினாள். "சாமியார் கைல கல்யாண மோதிரம்! கிழவிங்க செபத்தையே மறந்துடுவாங்க."

நாங்களும் சிரித்தோம். மூன்று பேரில் இரண்டு பேர் இந்த வேலைக்குப் படித்தவர்கள், ஒருவன் ஆன்மாக்களுக்குப் படித்தவன். ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

கழற்றச் சோப்பு தேவைப்பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அது என் கையைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. விரல் இலேசாக இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

ஒத்திகை நாளில் கோயிலில் சில அம்மாக்கள் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் முன் பெஞ்சில், ஊன்றுகோல்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். தெக்லா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். டோபியாஷ் மண்டியிட்டான். பொக்னாவின் விரல் அவன் கையில் நடந்தது. மோதிரம். ஒரு சுற்று. ரீங்காரம். வாய் திறந்தது.

பங்குச் சாமியார் தலையாட்டினார்.

பாதியை அவள் நாக்கில் வைத்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி மற்றப் பாதியை டோபியாஷ் தன் வாயில் போட்டான். அவள் கை, வழக்கப்படி, தொண்டையைத் தேடிப் போனது.

அங்கே தாடி இருந்தது.

கை அப்படியே நின்றது. தாடியைப் பிடித்துப் பார்த்தாள். திரும்ப மோதிரத்துக்கு வந்தாள். திரும்பத் தாடிக்குப் போனாள். பிறகு அப்பத்தைத் துப்பிவிட்டு ஒரு சத்தம் போட்டாள். அந்த மாதிரிச் சத்தத்தை அவளிடம் நான் அதுவரை கேட்டதில்லை. பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பங்குச் சாமியார் கெட்டவர் இல்லை. தெக்லாவின் தோளில் கை வைத்தார். "சனிக்கிழமை வச்சுக்கலாம்மா. அமைதியா இருக்கும்."

"சரிங்க சாமி" என்றாள் தெக்லா. சண்டை போடவில்லை. தரையில் கிடந்த அப்பத்தைக் கைக்குட்டையால் எடுத்து மடித்துக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை காலை நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கையைக் கீழே கொடுத்தேன். பொக்னாவின் விரல் வந்தது. மோதிரத்தைத் தொட்டது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டதுபோல விலகியது. இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

செவ்வாயும் அப்படியே. செலினாக்கா ஊட்டினால் சாப்பிட்டாள். என்னிடம் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை.

"நம்ம புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றாள் செலினாக்கா. கோபமில்லை, களைப்பு. "நீ உன் பேரைத் தூக்கி இன்னொருத்தனுக்குக் குடுத்துட்ட. நானும் பாத்துச் சிரிச்சிட்டிருந்தேன். இப்ப அந்த மோதிரம்னா அவளுக்கு யார் வேணும்னாலும் வரலாம்னு அர்த்தம். நீ இல்ல."

"என்ன பண்றது?"

"தெரியல. வேற பேரு வச்சுக்கோ. ஆனா முதல்ல நீ நீதான்னு அவளுக்கு எப்படிச் சொல்றது?"

அந்த மூன்று நாளும் நான் வகுப்பறையின் மறுமூலையில் உட்கார்ந்து, பிள்ளைகள் தடவிப் படிக்கும் பலகைகளுக்கு உப்புத்தாள் தேய்த்தேன். பொக்னா என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப அவளுக்குக் காரணமில்லை. அங்கே யாரும் இல்லை.

புதன்கிழமை மாமியார் புளித்த மாவுச் சூப்பை ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். மகள் இருந்தபோது வந்ததைவிட இப்போது அடிக்கடி வருகிறாள். சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். சாமியார் மோதிரம் போட்டுக்கொண்ட இடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"தாடிக்காரச் சாமியாருக்கு என் பொண்ணு மோதிரமா! அவ இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பா."

சிரிப்பு நின்றும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. துடைத்துக்கொண்டாள்.

"இப்ப அந்தப் புள்ளைக்கும் அது வேணாம். இனி யாருக்காக அந்தக் கைல வச்சிருக்கீங்க?"

நான் சூப்பைப் பார்த்தேன்.

"என் பொண்ணு செத்துட்டா மாப்பிள்ளை. எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது அத்தை."

"சூப்பு ஆறுது. சாப்பிடுங்க."

அவள் போன பிறகு பாத்திரம் கழுவினேன். கையில் சோப்பு இருந்தது. கழற்றி இடது கையில் போட்டேன். கொஞ்சம் இறுக்கம். வலது விரலில், மோதிரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். வெள்ளையாக, வழவழப்பாக, சுற்றிலும். அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை.

*

மறுநாள் காலையில் பெரிதாக எதுவும் நினைக்காமல்தான் உட்கார்ந்தேன். வலது கையைக் கீழே கொடுத்தேன். பொக்னா வெகு நேரம் வரவில்லை. காத்திருந்தேன். எங்கள் வேலையில் பாதி காத்திருப்பதுதான். எனக்கு அது வரும்.

ஒரு விரல் வந்தது. மோதிரம் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து, பின்வாங்கத் தயாராக நின்றது. மோதிரம் இல்லை. பள்ளம் இருந்தது. விரல் அதில் விழுந்தது. பள்ளத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. அவள் தலையைச் சாய்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள்.

பிறகு என் மணிக்கட்டு. முழங்கை. சட்டைப் பித்தான்கள். கழுத்து. உள்ளங்கையை விரித்து என் தொண்டையில் வைத்தாள். தாடி இல்லை. ஒரு விரலால் தட்டினாள்.

வாயில் ஒன்றும் இல்லை. எச்சிலை விழுங்கினேன்.

ரீங்காரம் வந்தது.

செலினாக்கா அலமாரிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோல நின்றாள். "ரெண்டு பேரும் சமாதானம்னா மரக்கரண்டியை எடு. மூணு நாளா என் கை வலிக்குது" என்றாள் அலமாரிக்குள்ளிருந்து.

அன்று மத்தியானமே பொக்னா இடது கையில் மோதிரத்தைக் கண்டுபிடித்தாள். அதை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு வலது கைக்குப் போய்ப் பள்ளத்தைத் தொட்டாள். இப்போதெல்லாம் இரண்டையும் தொடுகிறாள். என் பெயர் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

அப்பம் விஷயத்தில் நாங்களும் புத்தி தெளிந்தோம். யாரும் அவள் வாயில் எதையும் வைக்கப்போவதில்லை. அப்பத்தை அவள் உள்ளங்கையில் வைக்கலாம். நன்மையைக் கையில் வாங்குவது கோயிலுக்கு ஒத்துவருகிற காரியம்தான், எங்கள் ஊர்க் கிழவிகளுக்குத்தான் பிடிக்காது. அவள் கைக்குக் கீழே என் கை இருக்கும். உடைப்பது அவள், வாய்க்குக் கொண்டுபோவது அவள். அந்த ‘டக்’ அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உடைத்ததும் ஒரு பாதி அவள் வாய்க்கும் மற்றது என் வாய்க்கும் போகும். சில சமயம் மூக்குக்கு.

டோபியாஷுக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. அதை அவளே வைத்துவிட்டாள். தினமும் மத்தியானம் வந்து முதல் காரியமாகத் தாடியை நீட்டுவான். முதலில் பிடித்து இழுத்துப் பழிவாங்கினாள். பிறகு பின்னிப் பார்த்தாள்.

"பூசைக்குப் போட்டோக்காரர் வரார். கொஞ்சம் டிரிம் பண்ணிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தான்.

"ஒரு முடி குறைஞ்சுது, உங்களை நானே அடக்கம் பண்ணிடுவேன் ஃபாதர்" என்றாள் செலினாக்கா.

அவன்தான் பங்குச் சாமியாரிடம் போனான். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். "வரிசைல கடைசி இடம் குடுங்க, பொறுப்பு என்னோடதுன்னேன். துப்பினா என்ன பண்ணுவேன்னு கேட்டார். நானே எடுத்துச் சாப்பிடுவேன்னேன். அவ எச்சிலையான்னார். ஆமான்னேன். அப்புறம் சரின்னுட்டார்."

தெக்லாவிடம் சொன்னபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு அவனைக் கட்டிப்பிடிக்க வந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காற்றடித்தது. கோயில் வாசலில் பிள்ளைகளின் பூவளையங்கள் பறந்தன. பொக்னா தலையில் எதையும் வைக்க விடமாட்டாள். பூவளையத்தை நாற்காலியின் கைப்பிடியில் கட்டியிருந்தோம். மற்றப்படி அதே வெள்ளை அங்கி. வரிசையில் கடைசி. ஆனால் வரிசை.

அவளுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இவளுக்கும் சைக்கிளா?"

"இவகிட்டதான் ஏற்கனவே வண்டி இருக்கே" என்றாள் தெக்லா. இருவரும் சிரித்தார்கள்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்தேன். என் மாமியார் நடுவில் எங்கோ உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோயிலுக்குள் அடக்கப் பூசைக்குப் பிறகு பீடம்வரை நான் போகவில்லை. அன்று போனேன். வேலை அங்கே இருந்தது.

எங்கள் முறை வந்தது. டோபியாஷ் மண்டியிட்டுத் தாடியை நீட்டினான். பொக்னா பிடித்தாள், இழுத்தாள், விட்டாள். நான் என் இரண்டு கையையும் அவள் கைகளுக்குக் கீழே ஏந்தினேன். அவன் அப்பத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் மோந்து பார்த்தாள். விரலால் ஓரத்தைச் சுற்றி வந்தாள். நேரம் போனது. ஆர்கன்காரர் பாட்டை முடித்துவிட்டு, நாங்கள் இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் இருமினார்கள். பங்குச் சாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘டக்.’

ஒரு பாதி அவள் வாய்க்குள் போனது. மறு பாதி என் உதட்டில் வந்து முட்டியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒத்திகை அப்பத்தில் எனக்குப் பங்கு உண்டு. இது மந்திரித்தது; சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்காதவன் இதை வாங்கக் கூடாது. இவ்வளவு நாள் அவளுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தோம். இந்த ஒரு விஷயம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் உதட்டைத் திறக்கவில்லை. அவளுடைய மற்றக் கை என் தொண்டைக்கு வந்துவிட்டது. அவள் வாயில் அப்பம் ஊறிக்கொண்டிருந்தது. விழுங்காமல் வைத்திருந்தாள். ஒரு விரல் தட்டியது.

அங்கியில் குத்தியிருந்த ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு டோபியாஷ் தலையைக் குனிந்தான். "வாயத் தொறடா."

"நான் பாவசங்கீர்த்தனம் பண்ணலை."

"எப்போலேருந்து?"

"அடக்கத்துலேருந்து."

"நாளைக்கு வா, பேசிக்கலாம். இப்பத் தொற. அவ காத்திட்டிருக்கா."

விரல் இரண்டாவது தடவை தட்டியது, கொஞ்சம் பலமாக. அவள் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியைத் தெக்லா பிடித்திருந்த பிடியில் பூவளையம் நசுங்கிக்கொண்டிருந்தது.

திறந்தேன். பாதி அப்பம் நாக்கில் விழுந்தது, அவள் கட்டைவிரலும் சேர்ந்து. எப்போதும்போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை காய்ந்திருந்தது. விழுங்கப் பார்த்தேன். போகவில்லை. அவள் உள்ளங்கை அசையாமல் இருந்தது. அவளும் காத்திருக்கக் கற்றிருக்கிறாள்.

விழுங்கினேன்.

மேடு ஏறி இறங்கியது அவளுக்குத் தெரிந்தது. அவள் தாடை அசைந்தது. அவளுடைய சின்னத் தொண்டையிலும் ஒன்று ஏறி இறங்கியது. பிறகு ரீங்காரம். டோபியாஷ் கையை எடுத்துவிட்டிருந்தான்; ஒலிவாங்கி அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோனது.

"போச்சா சார்?" என்றாள் தெக்லா பின்னாலிருந்து. மூச்சுத்தான் வந்தது, குரல் இல்லை.

"போச்சு."

"ரெண்டு பேருக்கும்?"

"ரெண்டு பேருக்கும்."

*

விருந்து தெக்லா வீட்டுக் கொல்லையில். புகைமீன், உருளைக்கிழங்கு, சோயிக்கீரை போட்ட வெள்ளரிக்காய், கசகசா வைத்த கேக். வரிசையில் முன்னால் நின்ற அந்தப் பெண் புது சைக்கிளோடு வந்து, பொக்னாவின் கையைப் பிடித்துச் சைக்கிள் மணிமேல் வைத்தாள். மேலிருந்துதான் பிடித்தாள். நான் எழப் போனேன். செலினாக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பொக்னா மணியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

என் மாமியாரை யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. இருந்தாள். மீனில் உப்புக் கம்மி என்று தெக்லாவிடம் சொல்லிவிட்டு மூன்றாவது துண்டை எடுத்தாள். நான் தட்டை நீட்டியபோது என் இடது கையைப் பார்த்தாள். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

டோபியாஷ் தாமதமாக வந்தான். பொக்னாவிடம் தாடியைக் காட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு வரேன்னு சொன்னியே."

"நான் சொல்லலை. நீதான் சொன்ன."

"சரி, எத்தனை மணிக்கு?"

மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தேன்.

"பள்ளிக்கூடம் விட்டு வரேன்" என்றேன்.